மூன்று நாள் வெயில்

ஜன்னலோர இருக்கையில் இருந்த மக்ரூன் பெட்டிக்கு விமானப் பணிப்பெண் இயந்திரம் இடுப்புப்பட்டை மாட்டிவிட்டது. பக்கத்தில் கருவாட்டு மூட்டை, அதற்கடுத்து மருந்துப் பெட்டி. அவசரக் கதவு எங்கே இருக்கிறது என்று மூன்றுக்கும் சேர்த்துக் கைகாட்டி விளக்கிவிட்டு அது அடுத்த வரிசைக்கு நகர்ந்தது.

தூத்துக்குடி வான்துறையில் தினமும் நடப்பதுதான் இது. ஆறு வருடத்துக்கு முன் சாம்பல் காய்ச்சல் பரவியபோது மனிதர்கள் பறக்கக் கூடாது என்றார்கள். மருந்தும் அரிசியும் பறந்தாக வேண்டுமே! இடம் போதாமல் பயணிகள் இருக்கைகளிலும் பெட்டிகளை உட்காரவைத்தார்கள். காய்ச்சல் ஒழிந்து நான்கு வருடமாகிறது. பெட்டிகள் எழுந்திருக்கவே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, பெட்டிகள் நல்ல பயணிகள். தண்ணீர் கேட்பதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று முண்டியடிப்பதில்லை. விமானக்காரர்களுக்கு அந்தச் சுகம் பழகிவிட்டது.

ஜெசிந்தா அங்கே சரக்கு ஏற்றும் மேற்பார்வையாளர். அவள் கணவன் பெப்பின், கடலுக்கு மேலே ராட்சத பலூன்களில் மிதக்கும் முகில்நகரில் இருந்தான். பலூன் தையலைச் சரிபார்க்க இரண்டு வாரத்துக்கென்று போனவன், ஆறு வருடமாக அங்கேயே. விமானத்தைத் தவிர வேறு வழி கிடையாது. தினமும் திரையில் பேசினார்கள். முகம் தெரிந்தது, குரல் கேட்டது. அவன் கையைத் தொட்டால் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது. அதை நினைத்து அவள் அழாத நாள் குறைவு.

அன்று கோழிக்குஞ்சுகள் வந்திறங்கிய பெரிய உயிர்ச்சரக்குப் பெட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பிறகு அதன்மேல் பெப்பினின் முகவரியை ஒட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பொருள்?" என்றது, பெட்டிகளை வகைபிரிக்கும் சரக்கறிவான் இயந்திரம்.

"உயிருள்ளது. அம்பத்தெட்டு கிலோ."

"கடிக்குமா?"

"கடிக்காது. சீக்கிரம் ஏத்து, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அது வெளிப்புறக் கொக்கியை மாட்டியது.

பெட்டியின் வலைச்சாளரத்துக்கு அப்பால் மேகங்கள் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் போயின. கீழே கடல் இருந்ததா, வானம் இருந்ததா, தெரியவில்லை. விமானம் முழுக்கப் பெட்டிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அவளும் அவற்றில் ஒன்றாகக் கண்ணயர்ந்தாள். கனவில் பெப்பின் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தான்.

விழித்தபோது பறக்கும் சுமைதூக்கி அவளை முகில்நகரில் ஒரு வீட்டின் மாடி முற்றத்தில் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டுப் பேசி அதிர்ந்தது.

"ஏட்டி, பெரிய பார்சல் ஒண்ணு வந்திருக்கு. நீ அனுப்புனதா?" என்றது பெப்பினின் குரல்.

"ஆமாங்க. சட்டுன்னு திறங்க!"

"இப்பவா? வெயில்ல கிடக்கட்டும். புதன்கிழமை பிரிக்கேன்."

"ஐயோ, உள்ள நான்தாங்க இருக்கேன்!"

ஓடிவரும் சத்தம். வலைக்கு அப்பால் அவன் முகம். நரைத்திருந்தான், திரை அதைக் காட்டியதே இல்லை. "ஜெசிந்தா..." என்றான். கண் நிறைந்துவிட்டது. கொக்கியை நோக்கிக் கை நீண்டது. பாதி வழியில் நின்றது. மெல்லத் திரும்பிப் போனது.

"என்னங்க?"

"கிருமி சாக மூணு நாள் வெயிலுல்லா கணக்கு? வர்ற பார்சலைத் தொடாதீங்கன்னு தினமும் நீதானட்டி சொல்லுவ."

"காய்ச்சல் போய் நாலு வருசம் ஆச்சுங்க!"

"போயிட்டுதான். இருந்தாலும்..."

முற்றம் முழுக்க அவள் அனுப்பிய பெட்டிகள் வரிசையாக வெயில் காய்ந்தன, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் தேதி. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெப்பினுக்கு ஒரு இருமல் வந்தது.

ஜெசிந்தா சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு பெட்டியின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் கையை நீட்டி அவள் பெட்டியில் தேதி எழுதினான். ஆறடி தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவள் மணிக்கட்டுப் பேசி அதிர்ந்தது.

"சாப்டியாட்டி?" என்றான் பெப்பின், திரையில்.

"ம். நீங்க?"