குவாரிப் பிள்ளைகளின் கணக்கு மார்க்

காலை பத்தரை மணி. தலைமையாசிரியர் அறை. மேசைமேல் ஒரு சாவிக்கொத்தும், பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் கட்டும் கிடந்தன.

"கேள்வித்தாள் திருடு போயிருக்கு மேடம்" என்றார் தலைமையாசிரியர்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை. நேரே போய் இரும்பு அலமாரியைக் குனிந்து பார்த்தார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"உள்ள என்ன குறையுது சார்?"

"ஒண்ணும் குறையல."

"உறையைப் பிரிச்சிருந்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதை வச்சு திருட்டுங்கறீங்க?"

"மார்க்கை வச்சு!" விடைத்தாள் கட்டைத் தட்டினார் தலைமையாசிரியர். "இந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வகைப் பிள்ளைங்க. பாதிப் பேர் ஊருக்குள்ளேர்ந்து நடந்து வர்றவங்க. மீதிப் பேர் மலையடிவாரக் கல்குவாரியிலேர்ந்து பஸ்ல வர்றவங்க. குவாரிப் பிள்ளைங்க வருஷா வருஷம் கணக்குல கோட்டை விடுவாங்க. இந்தத் தடவை அத்தனை பேரும் பாஸ். ஊர்ப் பிள்ளைங்களையே சில பேர் தாண்டிட்டாங்க. குருவி தலையில பனங்காய வச்சா தாங்குமா? அவங்களுக்குக் கணக்கு ஏறாது மேடம்."

இன்னொன்றும் சொன்னார். பருவத் தொடக்கத்தில் ஒருநாள் சாயங்காலம் இந்தச் சாவிக்கொத்து ஆணியில் இல்லை. மறுநாள் காலையில் பழைய இடத்திலேயே தொங்கியது. அன்றைக்கே யாரோ நகல் எடுத்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. சந்தேகம் கணக்கு வாத்தியார்மேல். குற்றம் உறுதியானால் வாத்தியாருக்கு வேலை போகும். குவாரிப் பிள்ளைகளின் தேர்வு செல்லாமல் போய் ஒரு வருஷம் வீணாகும்.

"கொத்துல என்னென்ன சாவி இருக்கு?"

"அலமாரி, பந்து அறை, பெல் பெட்டி. எல்லா வகுப்புக் கடிகாரமும் அந்தப் பெட்டி வழியாத்தான் ஓடுது."

"இந்தப் பருவத்துல வேற ஏதாவது மாறியிருக்கா?"

தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒழுங்கு! லேட்டா வந்தா முதல் பீரியட் முடியற வரைக்கும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். என்னோட ரூல். முன்னெல்லாம் தினமும் திருவிழாக் கூட்டமா நிக்கும். இப்ப ஒரு ஈ காக்கா கிடையாது."

கணக்கு வாத்தியார் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சத்தியமா நான் குடுக்கல மேடம்."

"நான் அதைக் கேக்கவே இல்லையே. பத்தாம் வகுப்புக்கு நீங்க எந்த பீரியட்?"

"தினமும் முதல் பீரியட்."

"மத்த பாடத்துல குவாரிப் பிள்ளைங்க எப்படி?"

"எப்பவுமே நல்லாத்தான் எழுதுவாங்க. கணக்குலதான் சறுக்குவாங்க."

"ஏன்னு யாராவது யோசிச்சீங்களா?"

வாத்தியார் ஓரக்கண்ணால் தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கல்லுடைக்கும் தொழிலாளி ஒருத்தியின் மகள்தான் இந்தத் தடவை கணக்கில் முதல் மார்க். அவளை வகுப்பறைக்கு அழைத்து, கணக்கு வாத்தியாரை அங்கேயே புதிதாக ஒரு கணக்குப் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பெண் கரும்பலகையை ஒரு பார்வை பார்த்தாள். மளமளவென்று போட்டு முடித்து, கையிலிருந்த சாக்கட்டித் தூளைத் தட்டிவிட்டாள். விடை சரி.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"சார்தான் மேடம். போன பருவத்துலயும் சார்தான் எடுத்தாரு. எங்களுக்குத்தான் கேக்கல."

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

அடுத்தது உடற்பயிற்சி ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் 'விசில்'. கழுத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்க்கும் கடிகாரம், மணிக்கட்டில் பெரிய கைக்கடிகாரம்.

"கேட்டைப் பூட்டறது நீங்கதானே?"

"ஆமா மேடம். பெல் அடிச்ச கையோட பூட்டிடுவேன்."

"பெல் சரியா அடிக்குதா?"

"டாண்ணு ஒம்பதுக்கு."

"இப்ப மணி என்ன?"

விசில் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரியா பன்னெண்டு."

தன் கடிகாரம்தான் முந்தி ஓடுகிறது போலும் என்று நினைத்த இன்ஸ்பெக்டர், முள்ளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே ஜீப்புக்கு நடந்தார். டிரைவரின் ரேடியோவில் பன்னிரண்டு மணிச் செய்தி முடிந்து பாட்டு ஆரம்பமாகியிருந்தது. அவர் ஜீப்பில் கை வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"எல்லாரையும் கூப்பிடுங்க சார்."

அறையில் மூன்று ஆண்களும் நின்றார்கள்.

"கேள்வித்தாளை யாரும் தொடல. அந்தப் பொண்ணு என் கண்ணு முன்னாடியே புதுக்கணக்கைப் போட்டா. சாவி போனது நிஜம். ஆனா எடுத்தவருக்கு வேண்டியது அலமாரி சாவி இல்ல சார், அதே கொத்துல இருந்த பெல் பெட்டி சாவி. உங்க பள்ளிக்கூடத்து மணி ஆறேழு நிமிஷம் பிந்தி ஓடுது."

"என்னது! யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சிருப்பாங்க. காலையில நிதானமா வர்றதுக்கு யாருக்குக் கசக்கும்?"

கணக்கு வாத்தியார் இருமினார்.

"முன்னெல்லாம் குவாரி பஸ் வர்றதுக்குள்ள கேட் பூட்டிடும். முதல் பீரியட் கணக்கு. பிள்ளைங்க வருஷம் பூரா வெளிய நின்னா எப்படிக் கேக்கும்? பெல் பிந்தினதும் எல்லாரும் உள்ள வந்தாங்க, படிச்சாங்க. அவ்வளவுதான்."

"செஞ்சது யாரு?"

"நான் மணி கேட்டப்ப, கையில அவ்வளவு பெரிய கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு சுவரைப் பார்த்துச் சொன்னவரு. ஓட்டப்பந்தயத்துல நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கறவருக்கு பெல் பிந்தினது தெரியாதாம், டாண்ணு அடிக்குதாம்!" இன்ஸ்பெக்டர் விசிலின் பக்கம் திரும்பினார். "ஏன் சார்?"

விசிலுக்குக் காது சிவந்துவிட்டது. "நாந்தான் மேடம். தினமும் அவங்களோட நானும் வெளிய நின்னேன். பஸ்ஸே அப்பத்தான் வருதுன்னு சார்கிட்ட எத்தனையோ தடவ சொன்னேன். ரூல் ரூல்தான்னாரு. கேட்டைத் திறந்து விட்டா ரூலை மீறினதாயிடும். பெல்லுக்கு முன்னாடி வந்துட்டா மீறல் இல்லையே!"

தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். "மீட்டிங் மீட்டிங்கா சொன்னேன் மேடம், அந்தப் பிள்ளைங்களுக்குக் கணக்கு ஏறாதுன்னு... நானே கேட்டைப் பூட்டி வச்சுட்டு." பிறகு மெல்லக் கேட்டார், "இதுக்கு என்ன கேஸ் போடுவீங்க?"

"நேரத்தைத் திருடினா ஏதாவது செக்‌ஷன் தேடலாம். கொடுத்தவரை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. இது உங்க வீட்டு விவகாரம், நீங்களே பார்த்துக்கங்க."

"பெல்லைச் சரியாக்குங்க" என்றார் தலைமையாசிரியர், விசிலிடம். விசில் தலை குனிந்தார். "நாளையிலேர்ந்து பள்ளிக்கூடமே பஸ் வந்தப்புறம் தொடங்கட்டும். அதுக்கு நான் கையெழுத்துப் போடறேன். அடுத்த தடவை சாவி வேணும்னா கேட்டு வாங்குங்கய்யா."

"கேட்டா குடுப்பீங்களா சார்?"

"இப்பக் குடுப்பேன்."

பிறகு அவரே எழுந்து பத்தாம் வகுப்புக்குப் போனார். குவாரிப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

"கேள்வித்தாளை யாரும் எடுக்கல. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். அந்த மார்க் உங்களோடதுதான்."

முதல் மார்க் வாங்கியவள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்குத் தெரியும் சார்."