வாவியில் சோதித்த கூம்பு

குசினியில் மகள் வதனியின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவி, சிமெந்துத் தரையில் துள்ளி, சுழன்று சுழன்று அடங்கியது. கதவு வழியே நிதுர்ஷன் அதைக் கண்ணால் பார்த்தான். ஆனால் சத்தம் குசினியிலிருந்து வரவில்லை. அவன் மடியில் கிடந்த கிற்றாரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது.

வேறு ஒருத்தன் என்றால் கிற்றாரைப் போட்டுவிட்டு எழும்பி ஓடியிருப்பான். இவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். குசினிச் சத்தத்தையே இழுத்துப் பெருக்குகிறதே, என்ன அருமையான கூம்பு என்று தனக்குள் மெச்சிக்கொண்டான்.

அது காத்தான்குடியில் மலிவாக வாங்கிய ரெசொனேற்றர் கிற்றார். அந்த வகைக் கிற்றாரில் தந்தியின் அதிர்வைப் பெருக்குவது பலகை அல்ல, வயிற்றுக்குள் வைத்த அலுமினியக் கூம்பு. கூடவே வந்த கூம்பு சரியான தடிப்பு. வாசித்தால் பால்மாத் தகரப் பேணியைத் தட்டுகிற சத்தம்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய கூம்பை இன்றைக்குப் பின்னேரம்தான் பூட்டியிருந்தான். தந்திகள் இறுகி மேலிருந்து அழுத்தினால்தான் கூம்பு இடத்தில் நிற்கும். அழுத்தம் மிஞ்சினால் நசிந்துபோகும்.

பூட்டுமுன் ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தான். களுதாவளையில் அவன் வீட்டுப் பின்வேலியைத் தாண்டினால் வாவி. அந்தத் தண்ணீருக்கடியில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்க நினைப்பவர்கள் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல்நுனியில் காதை வைப்பார்கள். நிதுர்ஷன் காதுக்குப் பதிலாகக் கூம்பை வைத்தான். அடியிலிருந்து வந்த முனகல் கூம்பில் ஏறித் தோணியெங்கும் நிறைந்தது. கூடவந்த ஆறு வயது வதனிக்கு ஒரே குதூகலம். கூம்புக்குள் வாயை வைத்து, "வதனீ!" என்று தன் பெயரையே உரக்கக் கூப்பிட்டாள்.

கரையில் நின்ற மனைவி தனுஷா பதறிப்போனாள். "வாய எடு புள்ள! துடுப்பில கேக்கத்தான் வேணும், பேர் சொல்லிக் கூப்பிடப்படா!"

"சும்மா இருகா," என்று அவன் சிரித்தான். முனகல் அந்த நொடியே நின்றுபோனதை அவன் பொருட்படுத்தவில்லை.

இப்போது வதனி முற்றத்துக்கு இறங்கிச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள். தேய்க்கிற சத்தம் கிற்றாருக்குள் கேட்டது. தும்மினாள், அதுவும் உள்ளேதான். வேலியில் காகம் கரைந்தது காகத்திடமிருந்தே வந்தது, மின்விசிறியின் கிறீச்சொலியும் கூரையிலிருந்தே வந்தது. பிள்ளையின் சத்தம் மட்டும்தான் இடம் மாறியிருந்தது. கூம்பை மூடியிருந்த தகட்டின் துளைகளிலிருந்து அழுகிய பாசியும் சேறும் கலந்த நாற்றம் மெல்ல மெல்லக் கிளம்பி, வெயில் சாய்ந்த அறையை நிறைத்து, அவன் தொண்டைக்குள் இறங்கியது. அப்போதுதான் நிதுர்ஷனுக்குப் பயம் பிடித்தது.

தனுஷா மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "இஞ்ச பாருங்க, புள்ள வாயத் துறந்து கத்துறாள், சத்தம் வருதில்ல!"

வதனியின் வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"அப்பா," என்று அவள் குரல் கிற்றாருக்குள்ளிருந்து வந்தது. "இஞ்ச ஒரே தண்ணியாக் கிடக்கு."

"கழட்டுங்க அத!" தனுஷா அலறினாள்.

முறுக்காணியைத் திருகி முதல் தந்தியைத் தளர்த்தினான். உள்ளே குரல் மங்கியது. இரண்டாவது. குரல் தூரப்போயிற்று. மூன்றாவது. வதனியின் தலை தாயின் தோளில் தொங்கியது. உதடு நீலம். மூச்சில்லை.

"இறுக்குங்க! இறுக்குங்க!"

இறுக்கினான். மூச்சு வந்தது. இமை திறந்தது. அவனைப் பார்த்தாள்.

ஆனால் முன்பிருந்த இறுக்கம் போதவில்லை. மூச்சு மறுபடி தேய்ந்தது. இன்னும் இறுக்கினான். வந்தது. தேய்ந்தது. இறுக்கினான்.

மூடித் தகட்டுக்குக் கீழே ஏதோ 'டிக்' என்றது. குனிந்து துளைவழியே பார்த்தான். கூம்பின் நடு உள்வாங்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா," உள்ளிருந்து மகள் கெஞ்சினாள். "மேல ஆரோ மிதிக்கிறாங்க. நோகுது."

மிதிப்பது அவன் கைதான்.

"கால எடுக்கச் சொல்லுங்கப்பா."

வதனியின் நெஞ்சு மறுபடி எழவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. தனுஷா அவன் கையையே பார்த்தாள்.

நிதுர்ஷன் இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். எதிரே மகள் மூச்சை உள்ளிழுத்தாள். அந்த மூச்சு முழுவதையும் சேர்த்து, அவன் மடிக்குள் அலறினாள்.