பதினெட்டாவது நிமிஷம்

பயிற்சி கொடுக்க வந்தவனே பாதியில் எழுந்து ஓடினால் யாருக்குத்தான் கோபம் வராது? அவளுக்கு மூக்குக்கு மேல் வந்தது.

ஆய்வகத்தில் அவளுக்கு ‘அடிக்குறிப்பு’ என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் கூடவே நாலு விளக்கம் சொல்வாள். கிணற்று நீரை ஆராய்கிறவள். போன மாதம் மேட்டுத் தெருக்காரர்களுக்கு அவள் நடத்திய கூட்டத்தில், பேசி முடிக்கும்போது எதிரே இருந்தது ஏழே பேர். அதிலும் இரண்டு பேர் தூக்கம். நாளைக்கு மறுபடியும் கூட்டம். அதனால்தான், விஞ்ஞானிகள் பொதுஜனத்திடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு வானொலிக்காரனை வரவழைத்து, இயக்குநர் அவளை முதல் ஆளாகத் தள்ளிவிட்டார்.

வெளியே மழை. நாளைய பேச்சை அவள் ஒத்திகையாகச் சொல்ல, வானொலிக்காரன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கண் மட்டும் லேசாகச் சிரித்தது... ‘ஏய், அங்கே என்ன பார்வை? திரையைப் பார்!’ தன்னையே அதட்டிக்கொண்டாள். மாதிரி எடுத்த விதம், கருவி, பிழை அளவு... பதினெட்டாவது நிமிஷம் முடிவுக்கு வந்தாள்.

“மேட்டுத் தெரு பொதுக்கிணற்றில் நைட்ரேட் மிக அதிகம். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து; உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது.”

நாற்காலி சாய்ந்து விழுந்தது. அவன் போனும் கையுமாக வெளியே ஓடினான்.

திமிர் பிடித்தவன்! காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, பாதி நனைந்து எதிரே நின்றான்.

“இதைப் போய்க் கடைசியில சொல்றீங்களே... மனசாட்சி இருக்கா?”

“எங்க துறையில அதுதாங்க வரிசை. எப்படிக் கண்டுபிடிச்சோம்னு சொல்லாம முடிவைச் சொன்னா, அதுக்குப் பேரு விளம்பரம். போன மாசமே சொன்னேனே!”

“யார்கிட்ட? காலி நாற்காலிகிட்டயா?” அவன் குரல் உடைந்தது. “எங்க அக்கா அந்தத் தண்ணியிலதான் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கறா. பிறந்து ரெண்டு மாசம்தாங்க ஆகுது.”

அவளுக்குத் திக்கென்றது. “உதடு... நீலமா இருக்கா?”

“இல்லையாம். டாக்டர்கிட்ட கிளம்பிட்டாங்க. நானும் போறேன்.”

போய்விட்டான். பஸ்ஸில் அவள் தனக்குத்தானே வாதாடிக்கொண்டு போனாள். நான் என்ன பொய்யா சொன்னேன்? அவனிடம் போய் மன்னிப்புக் கேட்கணுமா? முடியாது! இறங்கும்போது அழுகைதான் வந்தது.

மறுநாள் கூட்டம். அவன் நேற்றே வீடு வீடாகப் போய் எச்சரித்தானாம். “ரேடியோவுல பாட்டுப் போடறவனுக்கு என்னப்பா தெரியும்?” என்று பாதிப் பேர் நம்பவில்லையாம். இனி அவள் சொல்வதில்தான் இருக்கிறது.

எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்ததை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

“கைக்குழந்தைக்கு இந்தக் கிணத்துத் தண்ணியைக் கொடுக்காதீங்க. காய்ச்சினாலும் கொடுக்காதீங்க. போன மாசம் இதைத்தான் நான் முதல்ல சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது.”

ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஒரு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. முன்வரிசையில் இருந்த அவன் அக்கா, மடியில் குழந்தையோடு, “இவளுக்கு ஒண்ணுமில்லம்மா, டாக்டர் பார்த்துட்டார்” என்றதும், அத்தனை பேர் முன்னாலும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் அருகில் வந்தான்.

“போன மாசக் கூட்டத்துல பாதியில எழுந்து போனவங்கள்ல நானும் ஒருத்தன். உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. அந்த வெட்கம்தான் நேத்து கோபமா வந்துடுச்சு. மன்னிச்சுடுங்க.”

“அடப்பாவி! அப்போ பாதித் தப்பு உங்களோடதா?”

“முக்கால்வாசின்னே வச்சுக்குங்க.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வேறு யாரும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“உங்க மேல எனக்குக் கோபம் இன்னும் போகலை. ஆனா... உங்களைப் பிடிச்சிருக்கு. ரெண்டும் நிஜம்.”

அவன் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தான்.

“எனக்கும் அதேதாங்க... கோபம் மட்டும் போயிடுச்சு.”