சீட்டோரச் சந்து

ஃபீபியின் கம்மல் திருகாணி விழுந்தபோது சத்தமே வரவில்லை. அதில்தான் ஆரம்பித்தது.

விழுந்ததைக் கிருபா கண்ணாலேயே பார்த்தாள். ஆறு வயசு மகள் முன்சீட்டில் உட்கார்ந்து காதை நோண்டிக்கொண்டே வந்தாள், திருகாணி கழன்றது, உருண்டது, டிரைவர் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹேண்ட்பிரேக் டப்பாவுக்கும் இடையிலிருந்த சந்தில் போய் விழுந்தது. தகட்டில் பட்டு டிங்கென்று கேட்கவேண்டுமே? கேட்கவில்லை. யாரோ கீழே கையேந்தி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அட, அந்தச் சந்து யார் காரில்தான் இல்லை! பேனா போகும், டோல் சீட்டு போகும், வறுத்த வேர்க்கடலை போகும், தேடினால் தூசியோடு கைக்கு வரும். கிருபாவின் சாமானெல்லாம் அப்படித்தான் வந்தது. ஃபீபியின் சாமான்தான் கிணற்றில் போட்ட கல். தலை கிளிப் போனது. பாதி ரப்பர் போனது. கூரைமேல் வீசவேண்டுமென்று கைக்குள்ளேயே பொத்தி வைத்திருந்த விழுந்த பல் போனது. குழந்தை அன்றைக்கு அழுத அழுகை இருக்கிறதே, அப்பப்பா.

புருஷன் ஜெஸ்டனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் ஓசூரில் வேலை, வாரம் ஒருதரம் வருகிறவன். "பழைய வண்டின்னா அப்டிதான் இருக்கும், இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கிறியே," என்று சிரித்தான்.

போகட்டும் என்று விட்டுவிட கிருபாவால் முடியாது. அவள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். அங்கே மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்கும்வரை லைன் நகராது. தரையில் மண்டி போட்டுக் காந்தத்தை இழுத்துத் தேடுவார்கள். கடுகளவு முனை கிடைக்காவிட்டால்கூட அந்த ஷூவையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அதில் ஊறினவள். விழுந்தது எங்கேயும் போகாது, தேடுகிறவன்தான் சரியில்லை என்பாள்.

மெக்கானிக் லியாகத் அலி இரண்டு முன்சீட்டையும் கழற்றியே காட்டினார். கிருபாவின் ஊக்கு ஒன்று, கடலைத் தோல், பழைய டோல் சீட்டு.

"கீழ முழுத் தகடு மேடம். ஓட்ட கீட்ட ஒண்ணும் கெடையாது."

"அப்ப புள்ள சாமான்லாம் எங்க போச்சு பாய்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைய பின்னால உக்கார வெச்சிக்குங்க. சும்மா சொல்றேன்."

ஃபீபி பின்சீட்டுக்குப் போனாள். ஒரு மாசம் எதுவும் தொலையவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் சாயந்திரம் மழை. ஸ்கூலிலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு வரும்போது ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். முன்னால் டெம்போ, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். கதவைத் திறக்கவும் இடமில்லை. கண்ணாடியை ஏற்றியிருந்தும் தோல் ஷாப் வாடை உள்ளே வந்தது, ஊறின தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடைக்கு அவள் மூக்கு எப்போதோ பழகிவிட்டது. ஆனால் இன்றைக்கு அது வெளியிலிருந்து வரவில்லை. இடது பக்கம், கீழேயிருந்து வந்தது.

"அம்மா, லயில் வலுதா?" ஃபீபி இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். 'ர' அவள் வாயில் வராது. பிறவியிலேயே காது மந்தம். வேலூர் ஆஸ்பத்திரியில் காது மிஷின் வைத்தபிறகுதான் அவள் பேசவே ஆரம்பித்தாள். மூன்று வயசில் முதல்தடவை அம்மா என்று கூப்பிட்டபோது ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் கிருபா ஓவென்று அழுதாள். அந்த மிஷின்தான் பிள்ளைக்கு உலகம்.

"வரும்டா. உக்காரு."

"காது அலிக்குது." மிஷினைக் கழற்றி நீட்டினாள். கிருபா கையை நீட்டுவதற்குள் நழுவியது.

சந்து.

"ஐயோ கடவுளே!"

போன் லைட்டை அடித்தாள். இருட்டு. தகடு தெரியவேண்டிய இடத்தில் இருட்டு. பின்னால் ஃபீபி ஒன்றும் கேட்காமல், மழைத்தண்ணி வழிகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கீழேயிருந்து 'கீ...' என்று சன்னமாக ஒரு சத்தம்.

கிருபாவுக்கு உயிர் வந்தது. மிஷின்தான்! தினமும் காலையில் கேட்கிற சத்தம். கையில் வைத்துப் பொத்தினால் மிஷின் இப்படித்தான் கத்தும். காதில் ஒழுங்காகப் பொருந்தியதும் அடங்கிவிடும்.

கையில் வைத்துப் பொத்தினால்.

விட்டிருக்கலாம். வேறு மிஷின் வாங்கியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷப் பழக்கம். இடது கையைச் சந்துக்குள் விட்டாள். மணிக்கட்டுவரை போனது. முழங்கைவரை போனது. அவ்வளவு ஆழம் அந்தக் காருக்கே கிடையாது.

ரயில் வந்தது. கார் அதிர்ந்தது. அந்த இரைச்சலிலும் 'கீ' கேட்டது.

நின்றது.

படிப்படியாகக் குறையவில்லை. காதில் பொருந்தினால் நிற்கிற மாதிரி, டக்கென்று.

அந்த மிஷின் வேறு யாருக்கும் பொருந்தாது. ஃபீபியின் காதுக்கு அளவெடுத்துச் செய்தது.

விரலில் ஏதோ பட்டது. மெத்தென்று. சூடாக. சின்னக் காது. உள்ளே மிஷின். மடலுக்குப் பின்னால் கடுகளவு ஒரு திருகாணி.

கையை இழுத்தாள். வரவில்லை. கூட்டத்தில் ஃபீபி பிடிப்பாளே, இரண்டு விரலை மட்டும் சேர்த்து, அப்படிப் பிடித்திருந்தது.

"ஃபீபி! கதவத் தெற! ஓடு!"

பிள்ளைக்கு எப்படிக் கேட்கும்?

"இன்னாம்மா?"

சந்திலிருந்து.

கிருபா கத்தினாள். இயேசுவே என்றாள். இழுத்தாள். தோள்மூட்டு வலித்தது. இரண்டு விரல்தான், சின்னப் பிடிதான், விடவில்லை. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. தலைக்குமேல் இருந்த கண்ணாடி மட்டும் பின்சீட்டைக் காட்டியது.

கடைசிப் பெட்டியும் போனது. கேட் ஏறியது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். காது கிழிகிற மாதிரி கேட்டது. மழை கேட்டது. வைப்பர் கேட்டது.

"ரயில் போய்டுச்சிம்மா," என்றது கீழே. 'ர' சுத்தமாக வந்தது. "வண்டிய எடு."

கண்ணாடியில் ஃபீபி. பின்சீட்டில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் சீட்டை அடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, பல் விழுந்த வாயை முழுசாகத் திறந்து அம்மா, அம்மா என்று அலறிக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.