சின்ன டீச்சர் சொன்னது

லின்சியின் வீட்டில் மொத்தம் எட்டுப் பிள்ளைகள். பயப்படாதீர்கள்! அவள் அம்மா ஃபிளோரா பெற்றது லின்சி ஒருத்தியைத்தான். மற்ற ஏழும் பூதலூர்ப் பக்கத்தில் நடவுக்கும் கடை வேலைக்கும் போகிறவர்களின் வாண்டுகள். காலையில் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம்தான் வந்து கூட்டிப்போவார்கள்.

போன வருடம் வரை அந்த ஏழும் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருநாள் ஃபிளோரா டிவியைத் துணி போட்டு மூடிவிட்டு, எல்லாரையும் கொல்லைப்பக்கம் ஓட்டிவிட்டார். நத்தை போன தடத்தைத் தேடுவது, வாய்க்காலில் வாத்து எண்ணுவது, சேற்றில் இட்லி செய்வது... அன்றிலிருந்து அதுதான் பாடம். சித்தீக் தன் சேற்று இட்லியைத் தின்றே பார்த்துவிட்டான்.

"உப்பு பத்தல டீச்சர்" என்றான்.

லீவு நாட்களில் லின்சிதான் சின்ன டீச்சர். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், சும்மாவா? ஆனால் அம்மா ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்.

"நீயா எதையும் சொல்லிடாத லின்சி. அதுங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்."

சொல்லாமல் இருப்பதா? அதுவும் லின்சியா? சொல்லாவிட்டால் அவளுக்குத் தலையே வெடித்துவிடும்.

ஏழு பேரில் கடைக்குட்டி விண்ணரசி. நான்கு வயது. செப்டம்பர் மாதம் காய்ச்சலில் அவள் அம்மா இறந்துபோனார். அம்மாவைப் பெட்டியில் வைத்துக் குழிக்குள் இறக்கியதை, அப்பா அடைக்கலராஜின் தோளில் இருந்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை. ஃபிளோரா மடியில் வைத்துக் கொஞ்சினாலும் ஒரு வார்த்தை வராது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பிப் பச்சைப்பயறு போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை விண்ணரசி தன் கொட்டாங்குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே இரண்டு இலைகள் தலை நீட்டியிருந்தன.

"அக்கா! உள்ள போனது வெளிய வந்துடுச்சு!"

பேசிவிட்டாள்! லின்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மண்ணுக்குள்ள எது போனாலும் வருமாக்கா?"

"ஓ! எல்லாம் வரும். தினம் தண்ணி ஊத்தணும், அவ்வளவுதான்" என்றாள் சின்ன டீச்சர்.

அன்றிலிருந்து விண்ணரசி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். தினமும் சாயங்காலம் அப்பாவின் லோடு ஆட்டோவில் ஏறியதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகச் சொல்லி அடம்பிடித்தாள். கையில் பெரிய தண்ணீர் பாட்டில் வேறு.

"அவ அம்மாவ கும்புட்டுட்டு வர்றா" என்று அடைக்கலராஜ் ஃபிளோராவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வந்தது. கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மண்மேடுகளில் சாமந்திப் பூக்களைக் காம்போடு குத்தி வைத்திருந்தார்கள். லின்சியும் அம்மாவும் போயிருந்தார்கள். விண்ணரசி மட்டும் அடிபம்புக்கும் அம்மாவின் மேட்டுக்கும் பாட்டிலோடு ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேட்டில் இருந்த மெழுகுவர்த்தி நனைந்து அணைந்தது.

"ஏ பாப்பா, ஊரையே நனைக்கிறியே!" என்று ஓர் அம்மா அதட்டினார்.

லின்சி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "என்ன விண்ணி பண்ற?"

"தண்ணி பத்தலக்கா. அதான் எங்கம்மா இன்னும் வரல." விண்ணரசி, ஒரு தாத்தாவைப் புதைத்திருந்த பக்கத்து மேட்டைக் காட்டினாள். "பாரு, அந்தத் தாத்தா பூவே வுட்டுட்டாரு."

ஐயோ, நான் சொன்னதுதானே! இத்தனை நாளும் இந்தப் பிள்ளை இதை நம்பியா தண்ணீர் சுமந்தது?

லின்சி தன் அம்மாவைத் தேடினாள். ஃபிளோரா தூரத்தில் ஜெபத்தில் நின்றார். கூப்பிட்டால் வந்துவிடுவார், அவரே பக்குவமாகச் சொல்லிவிடுவார். ஆனால் தப்பாகச் சொன்னது அம்மா இல்லையே.

லின்சி மண்ணில் உட்கார்ந்தாள். பக்கத்து மேட்டிலிருந்து ஒரு சாமந்தியை மெதுவாக உருவி விண்ணரசியிடம் கொடுத்தாள்.

"அடியில பாரு விண்ணி."

விண்ணரசி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொல்லையில் எத்தனை செடிகளைப் பிடுங்கிப் பார்த்தவள்! காம்பின் நுனியைத் தடவினாள்.

"வேர் இல்ல."

"ஆமாம்."

"வெட்டிக் குத்தி வச்சிருக்காங்க."

"ஆமாம்டா."

"அப்ப... தாத்தா வரலியா?"

"வரல."

"எங்கம்மா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைத்தான் அவள் அன்றைக்கே செலவழித்துவிட்டாளே.

"வரமாட்டாங்க விண்ணி. விதைதான் முளைக்கும். எல்லாம் வரும்னு நான் தப்பா சொல்லிட்டேன்."

விண்ணரசி அவளை அடித்தாள். தோளில் அடித்தாள், முகத்தில் அடித்தாள். லின்சி நகரவில்லை. பிறகு அந்தப் பிள்ளை "அம்மா!" என்று கத்தி அழுதது பாருங்கள், கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. அம்மா போன நாளிலிருந்து அடக்கி வைத்த அழுகை.

அடைக்கலராஜ் ஓடிவந்து மகளை வாரி எடுத்தார். லின்சி விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஈர மண் என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டார்.

"இதுக்காகவாம்மா தினம் தண்ணி தூக்கின?"

விண்ணரசி தலையாட்டினாள். வெகுநேரம் தேம்பிவிட்டு மெல்லக் கேட்டாள்.

"இனிமே ஊத்த வேணாமாப்பா?"

"வேணாம்டா கண்ணு."

அவள் சிவந்து கிடந்த இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"கை ரொம்ப வலிக்குதுப்பா."

அடைக்கலராஜ் ஒரு கையைப் பிடித்துவிட்டார். லின்சி நெருங்கி உட்கார்ந்து, இன்னொரு கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.