ஒரு வரி ஒட்டினால் போதும்

அந்தப் பூனைக்கு மூடிய கண்களை அவன் வரையவே இல்லை. ஆனாலும், அக்கா நடத்தும் ஓவிய வகுப்பின் இணையப் பக்கத்தில், வலது கீழ் மூலையில் குந்தியிருந்த அது, வயிறு நிறைந்த திருப்தியோடு மெதுவாகக் கண்களை மூடித் திறந்தது.

அது அவன் செய்த விட்ஜெட். யாருடைய பக்கமானாலும் சரி, அவன் தரும் ஒரே ஒரு நிரல் வரியை அதற்குள் ஒட்டினால் போதும். அவனுடைய சர்வரிலிருந்து பூனை வந்து மூலையில் உட்கார்ந்துகொள்ளும், பிள்ளைகள் தட்டினால் அவன் எழுதிவைத்த பதில்களில் ஒன்றைச் சொல்லும். வேறு வேலை கிடைத்ததும் சர்வரை மூடிவிட்டான்; அதோடு பூனையும் மறைந்திருக்க வேண்டும். ஒட்டிய வரியை எடுத்துவிடும்படி யாரிடமும் சொல்லவில்லை. ஆளில்லாத வாசல்தானே, திறந்து கிடந்தால் என்ன என்ற மெத்தனம்.

"டேய், அந்தச் சனியனை மொதல்ல எடு," அக்கா சமையலறையிலிருந்து கத்தினாள். "பொழுதன்னைக்கும் என் பொண்ணு அதுகிட்டதான் குசுகுசுங்குறா. பெத்தவ கூப்பிட்டா திரும்பக்கூட மாட்டேங்குறா."

"அதுக்குத்தானேக்கா வந்திருக்கேன்."

"ஆமா, பெரிய இஞ்சினியரு. வெக்கத் தெரியும், எடுக்கத் தெரியாது."

வெளியே மழைக்கு முந்தைய சாயங்கால இருட்டு. கூடத்தில் காயாத துணிகளின் வாடை, பாத்திரங்களில் குழாய்த் தண்ணீர் விழும் ஓசை, மூக்கடைத்தவன் மூச்சைப்போல இழுத்து இழுத்துச் சுற்றும் கம்ப்யூட்டர் விசிறி; நாற்காலிக்குப் பின்னால் அக்கா மகள், அவன் தோளுக்கு மேலாகத் திரையை விழுங்கிவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டு.

பூனையோடு அவள் பேசியதன் பதிவைத் திறந்தான். அவன் எழுதிய பதில் ஒன்றுகூட அங்கே இல்லை.

*அம்மா எப்போது அசந்து தூங்குவாள்?*

*தொட்டால் முழித்துக்கொள்வாளா?*

*எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள்?*

எல்லாவற்றுக்கும் குழந்தை ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தது.

பக்கத்துக்குள் நுழைந்து அந்த வரியை அழித்தான். சேமித்தான். மறுபடி திறந்தான்.

பூனை அங்கேயேதான் இருந்தது.

*எடுத்துவிட்டாயா? எடுத்துக்கொள். இங்கே எனக்கு இனி வேலையில்லை.*

அது எழுந்தது. அவன் அதற்குக் கால்கள் வரைந்ததில்லை. நிறையக் கால்கள் இருந்தன. திரையின் ஓரத்தைத் தாண்டி நடந்தது. மூலை காலியானது.

"பாப்பா," நாற்காலியோடு திரும்பினான். "அது உன்கிட்ட என்ன கேட்டுச்சு?"

"தங்க எடம் கேட்டுச்சு மாமா. உள்ள குளிருதாம். ஒரு வரி குடுத்துச்சு. நீங்க ஒட்டுவீங்கள்ல, அதே மாதிரி."

"எங்க ஒட்டின?"

"ஒட்டல. பேனாவால எழுதினேன். அம்மா கழுத்துல, தூங்குறப்ப."

சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அக்கா?"

ஓடினான். அவள் முதுகைக் காட்டியபடி நின்றாள். கைகள் தண்ணீருக்கடியில் அசையாமல். கூந்தலை ஒதுக்கினான். பிடரியில், நீல மையில், கோணல்மாணலான குழந்தைக் கையெழுத்து. அவனுடைய வரி. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

துண்டை நனைத்துத் தேய்த்தான். போகவில்லை. அழுத்தித் தேய்த்தான். தோல் சிவந்தது. உரிந்தது. உரிந்த தோலுக்கு அடியிலும் எழுத்து.

தலைவாரும்போது சிக்கு இழுத்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள். வாய் திறக்கவில்லை.

"அக்கா... வலிக்குதாக்கா?"

திரும்பினாள். அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தாள். ஈரக் கைகள். இரும்புப் பிடி. உதறினான். முடியவில்லை.

பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தம். யாரோ ஏறும் சத்தம். சின்னக் கை அவன் தலையை முன்னால் குனிய வைத்தது.

"ஆடாதீங்க மாமா," என்றது குழந்தை, நாக்கைக் கடித்துக்கொண்டு. "எழுத்து கோணிக்கும்."

பிடரியில் பேனா முனை. சில்லென்று. முதல் எழுத்து.