உடைந்த இரண்டாவது டியூப்

போன் அலறியது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். மில்லிங்கறது நீங்கதானே?"

கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் ஆகாது அவளுக்கு. பதினாலு வருஷ சர்வீஸில் அவள் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

"நான்தான் சார்..."

"ஒரே ஒரு கேள்வி. செத்துப்போன அச்சக முதலாளியோட ரெண்டு டியூப் ரத்தம் உங்ககிட்ட வந்துச்சே... ரெண்டும் ஒரே ஆளோடதுதானே?"



"ஆ... ஆமா சார்."

"போதும்! அப்ப நர்ஸம்மா சொல்றது பச்சைப் பொய். உள்ள தள்ளிடறேன்."

க்ளிக்.

மில்லி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைக்கும் மெஷின். அதன் மூடியில் அவளே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய காகிதம்.

'எதிர்ப்பக்கம் சம எடை வைக்காமல் ஓட்டாதே!'

அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான்.

அச்சக முதலாளிக்கு நெஞ்சுச்சளி, காய்ச்சல். நுரையீரலில் கிருமி என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அந்த மாதிரிக் கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரு வழி உண்டு. காய்ச்சல் வந்த சூட்டோடு ஒரு டியூப் ரத்தம்... இரண்டு வாரம் கழித்து இன்னொரு டியூப்! உடம்பு கிருமியோடு சண்டை போட்டிருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நாலு மடங்காவது ஏறியிருக்கும். ஏறாவிட்டால் வியாதி வேறு.

முதல் டியூபை நர்ஸே கொண்டு வந்தாள். வீட்டோடு இருந்து முதலாளியைப் பார்த்துக்கொள்பவள். எதிர்ப்புச் சக்தியின் அளவு, பதினாறு. சாதாரணம்தான்.

இரண்டாவது டியூப் போன திங்கட்கிழமை காலை வந்தது. கொண்டு வந்தவன் முதலாளியின் தம்பி. மருந்துக்கடை வைத்திருப்பவன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேற்று நர்ஸ் எடுத்த ரத்தம் என்றான். அண்ணன் விடியற்காலையில் போய்விட்டார் என்றான். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவாராம் என்றான்.

மில்லி மனமிளகிப் போனாள். அவசர அவசரமாக டியூபை மெஷினில் போட்டு ஓடவிட்டாள்.

எதிர்ப்பக்கம் எதுவும் வைக்கவில்லை!

மெஷின் ஒரு ஆட்டம் ஆடியது. 'டப்' என்று ஒரு சத்தம். மூடியைத் திறந்தபோது கண்ணாடித் தூளும் ரத்தமுமாகக் கிடந்தது.

உயிரோடு இருப்பவர் என்றால் மறுபடி ஊசி குத்தி எடுக்கலாம். செத்தவரிடம் போய் எப்படிக் கேட்பது? உடைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டியவள் மில்லி ஆயிற்றே... அந்தக் காகிதத்தை எழுதி ஒட்டியவள் ஆயிற்றே!

பிரிட்ஜில் இருந்த முதல் டியூப் ரத்தத்தில் பாதியைப் புது டியூபில் ஊற்றினாள். இரண்டாவது என்று லேபிள் ஒட்டினாள். செய்தபோது யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் காது மடல் வரை சுட்டது.

முதல் அளவு பதினாறு. இரண்டாவதும் பதினாறு. பின்னே எப்படி ஏறும்?

தம்பி கவுண்டரில் நின்று கத்தித் தீர்த்துவிட்டான். ரிப்போர்ட் தப்பு, கண்டிப்பாக ஏறியிருக்கணும், மறுபடி பாருங்கள் என்று. துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து மில்லி தலை குனிந்து நின்றாள்.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. பிரேதப் பரிசோதனை நடந்தது. வயிற்றில் விஷம்!

வேளாவேளைக்கு மருந்து கொடுத்தவள் நர்ஸ். பழி நேராக அவள் தலையில் வந்து விழுந்தது. அவளோ ஒரு தடவைதான் ரத்தம் எடுத்தேன், இரண்டாவது டியூபே எனக்குத் தெரியாது என்று சாதித்தாள். போலீஸ் இரண்டு டியூபையும் வாங்கிப் போய்ச் சோதித்தது. இரண்டிலும் ஏபி குரூப். முதலாளியின் குரூப். லேசில் கிடைக்காத குரூப்.

ஆக, நர்ஸ் பொய்க்காரி!

'மில்லிக்கா, சாப்பிட்டீங்களா?' என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருகிற பெண் அவள். மில்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

எழுந்தாள். பிரிட்ஜின் அடித்தட்டில் கையை விட்டாள். ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே உடைந்த டியூபின் அடிப்பாகம். உறைந்த ரத்தமும், மேலே தெளிந்த நீராக நாலைந்து சொட்டும். ஒரு மனுஷனின் கடைசி ரத்தம் என்று தூக்கிப் போட மனம் வராமல் ஒளித்து வைத்திருந்தாள்.

சொட்டுகளில் அளவையும், உறைந்த ரத்தத்தில் குரூப்பையும் சோதித்தாள்.

முடிவை இரண்டு தடவை பார்த்தாள். பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினாள். போன மாதத்தில் ஒரு பக்கம்... ஒரு பெயர்...

கவரை ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

*

ஸ்டேஷனில் நர்ஸ் பெஞ்சின் ஓரத்தில் அழுது வீங்கிய முகத்தோடு இருந்தாள். இன்ஸ்பெக்டருக்கு எதிரே முதலாளியின் தம்பி.

மில்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின் ஆடியது, டியூப் உடைந்தது, ஊற்றியது, லேபிள் ஒட்டியது. நர்ஸின் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டும் ஒரே ரத்தம்தான் சார். ஏன்னா நான்தான் ஒண்ணை ரெண்டா ஊத்தினேன். வெக்கத்துல மறைச்சிட்டேன்..."

தம்பி துள்ளி எழுந்தான்.

"பாத்தீங்களா சார்? அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! ஏறியிருக்கணும்னு சொன்னேன்ல?"

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வயித்துல விஷம் இருந்த ஆளுக்கு ரத்தத்துல எதிர்ப்பு ஏறியே ஆகணும்னு... உங்களுக்கு எப்படி அவ்வளவு உறுதியாத் தெரியும்?"

தம்பி வாசல் பக்கம் பார்த்தான்.

மில்லி ஐஸ் டப்பாவை மேஜை மேல் வைத்தாள்.

"இது அவர் கொண்டு வந்த நிஜ டியூப் சார். மிச்சம் இருந்ததை இப்பத்தான் பாத்தேன். அளவு ஐநூத்திப் பன்னெண்டு. எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

"அப்போ கிருமியும் உண்டா?"

"உண்டு சார். ஆனா அண்ணனுக்கு இல்ல. இந்த ரத்தம் ஏபி கிடையாது. ஓ குரூப்!"

இன்ஸ்பெக்டர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார்.

"போன மாசம் ஒருத்தர் இதே சளி, இதே காய்ச்சல்னு எங்ககிட்ட வந்தாரு. குணமாகற நேரத்துல அவருக்கு இதே ஐநூத்திப் பன்னெண்டு. ரிஜிஸ்டர்ல இருக்கு." மில்லி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "இந்த சார்தான்."

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"டிரைவிங் லைசென்ஸை எடுங்க."

தம்பி எடுக்கவில்லை. கான்ஸ்டபிள் எடுத்தார். லைசென்ஸின் மூலையில் இருந்தது... ஓ பாசிட்டிவ்!

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அச்சகத்துக்கு ஆசைப்பட்டு அண்ணனுக்கு விஷத்தைக் கொடுத்துவிட்டு, கிருமியால் செத்தார் என்று காட்ட சொந்த ரத்தத்தையே டியூபில் பிடித்துக் கொடுத்திருக்கிறான். ரிப்போர்ட் ஏறி வந்திருந்தால் டாக்டர் கையெழுத்து, பிரேதப் பரிசோதனை கிடையாது, பிணம் சாம்பல்.

"உங்க டியூப் உடையலைன்னா இவர் தப்பிச்சிருப்பாரும்மா," என்றார்.

மில்லிக்கு அது ஆறுதலாக இல்லை. மெல்ல நர்ஸின் அருகே போனாள்.

"மன்னிச்சிடும்மா..."

நர்ஸ் அவளையே பார்த்தாள். "ஒரு ராத்திரி பூரா இந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன்க்கா. மில்லிக்கா டியூப்னா தப்பே இருக்காது, நமக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு நினைச்சேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மில்லி அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். பொய் ரிப்போர்ட் கொடுத்ததற்கு அவள் மேலும் வழக்கு உண்டு என்றார். மில்லி தலையாட்டினாள். அவர் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரி, டியூப் எப்படி உடைஞ்சுது? அதைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"மெஷின்ல ஒரு பக்கம் டியூப் வச்சா, எதிர்ப்பக்கம் அதே எடையில இன்னொண்ணு வைக்கணும் சார். வைக்கலைன்னா தாறுமாறா ஆடி, இருக்கற ஒண்ணும் உடைஞ்சு போயிடும்."

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்தார். விலங்கு மாட்டிய தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டியா? எதிர்ப்பக்கம் இருந்த அண்ணனைத் தூக்கினா அதான் ஆகும்!"